சீனி சேராத ஓட்ஸ் பிஸ்கட்

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இன்று முதல் எழுதி வைக்கிறேன். பின்னால் இந்தப் பிஸ்கட் பேர் வாங்கி, நாலு பேர் வாசலில் வந்து நின்று, "தங்கப்பழம் அண்ணாச்சி, இதை எப்போது கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்கும்போது தேதி தெரியாமல் முழிக்கக் கூடாது. நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் அது அந்தக் காலத்து எட்டு. இந்தக் காலத்துப் பட்டப்படிப்பை அதற்குள் மடித்து வைத்துவிடலாம்.

விஷயம் இது. என் தங்கச்சி சந்தனக்கனிக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. இடது பாதத்தில் புண் வந்து, போன மாசம் சுண்டு விரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த இடம் இன்னும் மூடவில்லை. சர்க்கரை இறங்கினால் புண் ஆறும், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இறங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்கவேண்டியதுதான். சத்துணவுக் கூடத்தில் அண்டா அண்டாவாகச் சோறு பொங்கி, ஒரு நாள் உட்கார்ந்து அறியாதவள் இப்போது கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் தூத்துக்குடிக்கு வந்திருக்கிறேன். மகன் வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. மனசு கேட்காமல் நானேதான் பெட்டியைத் தூக்கினேன். மகன் பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை, வந்தால் அழுதுவிடுவான்.

கனியின் மகள் வதனிக்கு மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை. நேற்று பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினாள். உள்ளே கரண்டில் வேலை செய்யும் ஓவன். கூடவே ஒரு பை நிறைய ஓட்ஸ்.

"மாமா, அம்மாவுக்கு நாலு மணி டீக்கு மிக்சரும் பட்டர் பிஸ்கட்டும் இல்லாம முடியாது. அதுக்குப் பதிலா இதச் சுட்டுக் குடுங்க. மைதா கெடையாது, சீனி கெடையாது. ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு."

"எனக்கே சொல்லித் தாரியா? பேக்கரியில பதினெட்டு வருஷம் மாஸ்டரா இருந்தவன்ட்டி நானு."

உள்ளே கட்டிலிலிருந்து கனியின் குரல் வந்தது. "மாஸ்டருக்குத் தட்டு கழுவுனேன்னு சொல்லுண்ணே."

அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே இப்படி விளையாட்டுப் பேச்சு.

ஆகஸ்ட் 14, திங்கள்

முதல் அடுப்பு. வதனி எழுதிக் கொடுத்தபடியே செய்தேன். ஓட்ஸை வாசம் வர வறுத்து, பாதியை மிக்சியில் பொடித்து, முட்டை வெள்ளைக்கரு, ஆப்பச்சோடா, ஒரு கரண்டி எண்ணெய், பட்டைத்தூள். உருட்டித் தட்டி, தாளில் அடுக்கி உள்ளே தள்ளினேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கப்பல் கேப்டன் ஒருவர் என் கையால் சுட்ட பிஸ்கட்டுக்காகத் துறைமுகத்தில் ஒரு நாள் கூடுதலாக நங்கூரம் போட்டிருந்தார். அது ஞாபகம் வந்தது, கனியிடமும் சொன்னேன்.

கனி ஒரு கடி கடித்தாள். வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ண்ணே, இத கதவு சாத்தாம இருக்க அண்டக் குடுக்கலாம்."

ஆகஸ்ட் 17, வியாழன்

அண்டக் கொடுக்கிற ரகம்தான் இன்றும். அவள் சோற்றையும் தள்ளிவைக்கிறாள். வாயில் எல்லாம் மண் மாதிரி இருக்கிறதாம். மதியம் முழுக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

நான் இருந்தும் ஒரு வீட்டில் டீ இப்படி ஆறுவது கேவலம்.

ஆகஸ்ட் 19, சனி

கண்டுபிடித்துவிட்டேன்! கருப்பட்டி!

சீனி கூடாது என்றுதானே சொன்னார்கள். சீனிக்கும் கருப்பட்டிக்கும் என்ன சம்பந்தம்? சீனி ஆலையில் பிறக்கிறது, கருப்பட்டி மரத்தில் பிறக்கிறது. சர்க்கரைக்காரர்கள் காப்பிக்குக் கருப்பட்டி போட்டுக் குடிப்பது ஊர் முழுக்க நடப்பதுதான். உடன்குடிக் கருப்பட்டியாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே இருந்த நல்ல சரக்கை எடுத்து வந்தார். ஆள் பார்த்துத்தான் கொடுப்பார்.

ஒரு வட்டுக் கருப்பட்டியை நுணுக்கிக் கால் தம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு விரலில் ஒட்டுகிற பதத்தில் இறக்கினேன். ஓட்ஸில் ஊற்றிக் கொஞ்சம் நெய், சுக்குத்தூள், ஏலக்காய். இவை சேர்ந்தால் கருப்பட்டி வாசம் தனியாகத் தூக்காது. ஓவனைத் திறந்தபோது எதிர்வீட்டில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

கனி மூன்று தின்றாள். மூன்றாவதை டீயில் முக்கி, கரைந்து விழுவதற்குள் வாயில் வாங்கினாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

"இதுல என்னண்ணே போட்ட?"

"கருப்பட்டி. அப்பா எண்பத்தாறு வயசு வரைக்கும் தெனம் கருப்பட்டிக் காப்பி குடிச்சாரு. ஒரு மாத்திரை தொட்டிருப்பாரா?"

"அப்பா அறுபத்தொரு வயசுல செத்தாரு. கடசியில ரெண்டு கண்ணும் தெரியாமக் கெடந்தாரே, அது எதனாலயாம்?"

"அது வயசு."

"சரி, இன்னொண்ணு குடு" என்றாள்.

ஆகஸ்ட் 26, சனி

வதனி வந்திருந்தாள். ஒன்றை எடுத்துக் கடித்தவள் நின்றுகொண்டே இரண்டாவதையும் தின்றாள்.

"மாமா! சீனி இல்லாம எப்பிடி இவ்வளவு ருசி? பேரீச்சம்பழமா?"

"ரெண்டே ரெண்டு பழம். மத்ததெல்லாம் கைப்பக்குவம்."

கருப்பட்டி என்று சொல்லியிருந்தால் இந்தக் காலத்துப் பிள்ளை செல்போனில் தேடி ஏதாவது குழப்பம் பண்ணும். கனி போர்வை நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குக் கிளம்பும்போது வதனி என் கையைப் பிடித்து, "நீங்க இருக்கதாலதான் மாமா நான் அங்க தூங்குதேன்" என்றாள். மகன் ஒரு நாள் இப்படிச் சொன்னதில்லை. அதாவது வாய் திறந்து சொன்னதில்லை; மனசுக்குள் சொல்லியிருப்பான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

நேற்று டாக்டரைப் பார்த்தோம். சின்ன வயசு. பனைமரத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்.

"என்ன சாப்பிடுறாங்க?"

"ஓட்ஸ் பிஸ்கட் டாக்டர். நானே சுடுதது. ஒரு பொட்டுச் சீனி கெடையாது."

"நல்லது. அதுக்காக வெல்லம், தேன், கருப்பட்டின்னு எதையும் போட்டுடாதீங்க. எல்லாம் ஒண்ணுதான். ரத்தத்துல போய்ச் சேர்ந்தா எது ஆலையில வந்தது, எது மரத்துல வந்ததுன்னு வித்தியாசம் கிடையாது. இந்தப் புண்ணுக்கு இன்னும் ஒரு மாசம்தான் டைம்."

கனி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பழைய காலத்து விசிறி, மூன்று இறக்கையும் நன்றாகத்தான் ஓடியது.

ஆட்டோவில் வரும்போது அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"கேட்டியாண்ணே?"

"கேட்டேன்."

"நிறுத்திருவியா?"

"அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? வேணும்னா பாதியாக் கொறைக்கேன்."

அவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நிறுத்தாதண்ணே. நாள் பூரா அந்த நாலு மணிக்காகத்தான் கட்டில்ல கெடக்கேன்" என்றாள்.

இன்று பாதிதான் போட்டேன். ஒரு கடியில் கண்டுபிடித்துவிட்டாள். நாளை முதல் பழைய அளவு. மருந்தென்றால் குறைக்கலாம் கூட்டலாம், பதம் வந்த பண்டத்தில் கை வைக்கக் கூடாது.

செப்டம்பர் 8, வெள்ளி

திங்களன்று ரத்தச் சோதனை. அதுவரை மூன்று நாள் வாயைக் கட்டும் யோசனை கனியுடையது. ஆனால் நடத்திக் கொடுப்பது நான். ஊரில் எல்லாரும் செய்வதுதான். இன்று மதியத்திலிருந்து பிஸ்கட் இல்லை, சோறு இல்லை. கேழ்வரகுக் கஞ்சி, வெள்ளரிக்காய், மோர். ஊசியும் மாத்திரையும் நேரம் தவறாமல்.

ஓவன் இன்று ஓய்வு. நானும் ஓய்வு. நாலு மணி ஆனபோது இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

செப்டம்பர் 11, திங்கள்

வெறும் வயிற்றில் நூற்று முப்பத்தெட்டு!

டாக்டர் சீட்டை இரண்டு தடவை பார்த்தார். கை கொடுத்தார், எனக்கு. "இப்படியே கொண்டு போங்க, அடுத்த மாசம் தோல் ஒட்டிடலாம்" என்றார். பாதத்தைப் பார்த்தபோது மட்டும் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஓரத்தில் சதை வளர்ந்திருக்க வேண்டுமாம். சர்க்கரை இறங்கிவிட்டதே, இனி வளரும் என்றார்.

வதனி போனிலேயே அழுதாள். "எல்லாம் ஒங்க புண்ணியம் மாமா. எங்க அப்பா இருந்திருந்தாக்கூட இப்பிடிப் பாத்திருக்க மாட்டாவ."

சாயங்காலம் முந்திரி வைத்து ஒரு தட்டு சுட்டேன். மூன்று நாள் விரதம் இருந்தவள், ஐந்து தின்றாள். "பாஸானவளுக்கு மிட்டாய்" என்று சிரித்தாள். அந்தக் கப்பல் அட்மிரல் கதையை முழுக்கச் சொன்னேன். என் பிஸ்கட்டுக்காக அவர் கடற்படைக் கப்பலையே இரண்டு நாள் நிறுத்தி வைத்த கதை.

"போன மாசம் அவரு கேப்டனாத்தான இருந்தாரு?" என்றாள்.

"பதவி உயர்வு."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

செப்டம்பர் 15, வெள்ளி

கட்டுப் போட வரும் நர்ஸம்மாவை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானே கற்றுக்கொண்டேன். ஒரு காலத்தில் துறைமுகத்தில் இரும்புக் கம்பி பாய்ந்தவனுக்கு நான் கட்டின கட்டைப் பார்த்துப் பெரிய டாக்டரே அவிழ்க்க மனமில்லாமல் விட்டுவிட்டார். தவிர, அந்தம்மா கட்டை அவிழ்த்ததும் பேசாமல் மூக்கைச் சுளிப்பதும், "வீட்ல என்ன சாப்புடுதாவ?" என்று துருவுவதும் கனிக்குப் பிடிக்கவில்லை.

எனக்கும்தான்.

செப்டம்பர் 21, வியாழன்

இந்த வீட்டில் எறும்பு அதிகம். குளியலறையில் கனி ஒன்றுக்குப் போய்வந்த இடத்தில் கரிய எறும்பு வரிசை கட்டி நிற்கிறது. தண்ணீர் அடித்துவிட்டாலும் திரும்ப வருகிறது. சாக்கடைப் பக்கம் ஏதோ புற்று இருக்கவேண்டும். எறும்புப் பொடி வாங்கித் தூவினேன். சமையல்கட்டில் கருப்பட்டி டப்பாவை நான் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்திருப்பதால் அங்கே ஒரு எறும்பு கிடையாது. என் ஏற்பாடு அப்படி.

செப்டம்பர் 24, ஞாயிறு

வதனிக்கு ஆபீசில் தணிக்கையாம், இரண்டு வாரம் வரமுடியாது. வீடியோவில் பேசினாள். கனியின் முகத்தைக் காட்டினேன். தலை சீவிப் பவுடர் போட்டு உட்கார வைத்திருந்தேன்.

"காலக் காட்டுங்க மாமா."

"இப்பந்தான் கட்டுப் போட்டேன். அவுத்தா காத்துப் பட்டுரும்."

"சரி, சரி. அவுக்காதீங்க."

நல்ல பிள்ளை. சொன்னால் கேட்டுக்கொள்ளும்.

செப்டம்பர் 29, வெள்ளி

சாம்பிராணி போட்டேன். காலையிலும் மாலையிலும் போட்டால் வீட்டுக்கு லட்சணம். எதிர்வீட்டம்மா வந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனாள், உள்ளே வரவில்லை.

கனி இன்று ஒன்றுதான் தின்றாள். குளிருகிறது என்றாள். இந்த ஊரில் செப்டம்பரில் யாருக்குக் குளிரும்?

அக்டோபர் 4, புதன்

கட்டு மாற்றினேன். மூன்றாவது விரல் கறுப்பாக இருக்கிறது. மருந்துக் கறை.

அக்டோபர் 5, வியாழன்

துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. சில மருந்துகள் அப்படித்தான் சாயம் பிடித்துக்கொள்ளும்.

வலிக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரியலண்ணே. தொடுதியா நீ?" என்றாள்.

தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அக்டோபர் 7, சனி

வதனி சொல்லாமல் கொள்ளாமல் காலை பஸ்ஸில் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே, "என்ன மாமா வாடை?" என்றாள். சாம்பிராணி என்றேன். அவள் நேராகக் கட்டிலுக்குப் போய்ப் போர்வையை விலக்கி, கட்டை அவிழ்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போன் பண்ணினாள்.

அம்மாவைத் தூக்க என்னைத்தான் கூப்பிட்டாள். இன்னும் "மாமா" என்றுதான் கூப்பிட்டாள்.

அக்டோபர் 8, ஞாயிறு

மூன்று மாதச் சர்க்கரை என்று ஒரு சோதனை இருக்கிறதாம். அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

டாக்டர் சீட்டை வதனியிடம்தான் நீட்டினார், என்னிடம் நீட்டவில்லை. "அன்னைக்குப் பார்த்தது ஒரு நாள் கணக்கு. இது மூணு மாசக் கணக்கு. பன்னிரண்டுக்கு மேல இருக்கு. இவங்க தினமும் இனிப்பு சாப்பிட்டிருக்காங்க."

"இல்ல டாக்டர். மாமா பாத்துப் பாத்துச் செஞ்சு குடுத்தாவ. சீனியே கெடையாது."

"எதையோ சாப்பிட்டிருக்காங்கம்மா."

வதனி அம்மாவிடம் போனாள். நான் வார்டு வாசலில் நின்றேன். காது எனக்கு நன்றாகவே கேட்கும்.

"எம்மா, உண்மையச் சொல்லு. என்னத்தத் தின்ன?"

கனி சொன்னாள்: "அல்வா. லட்டு. மாமா கடைக்குப் போற நேரத்துல யாரையாவது விட்டு வாங்கித் தின்னேன். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவன ஒண்ணும் கேக்காத."

"ஒனக்கு மகளப் பத்தி நெனப்பே இல்லையாம்மா? ஒரு அல்வாத் துண்டுக்காகவா?"

வதனி வெளியே வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "ஒங்களையும் ஏமாத்திட்டாளே மாமா."

நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கனி அப்படித்தான் சொன்னாள். யாரை விட்டு வாங்கினாள், எப்போது தின்றாள், நான் பார்க்கவில்லை. பார்க்காத விஷயத்தில் நான் என்ன சொல்ல முடியும்?

அக்டோபர் 10, செவ்வாய்

எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 11, புதன்

நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

எடுத்த காலை வீட்டாரிடம் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆண்பிள்ளை நான் ஒருத்தன்தான். ஒரு கையெழுத்து, ஒரு சீட்டு. வெள்ளைத் துணியில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் சுற்றி, இரண்டு பக்கமும் கட்டி என் கையில் வைத்தார்கள். பொதுமயானத்தில் புதைத்துவிடச் சொன்னார்கள். அவள் உடம்புக்குப் பொருந்தாத கனம்.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சதூரம் போனதும் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, மீனா? சீட்டுல தண்ணி ஒழுகிறாமப் பாத்துக்கிடுங்க."

"ஒழுகாது."

"என்ன மீனு?"

"நெய்மீன்."

"முழு மீனா? எவ்வளவு தேறும்?"

"நாலு கிலோ இருக்கும். கப்பல்ல தெரிஞ்ச ஆளு இருக்காரு. எனக்குன்னா எடுத்து வச்சுருவாரு" என்றேன். வாய் அதுபாட்டுக்குப் பேசியது. அந்த ஆளுக்குப் பேர் வைத்தேன், ஊர் வைத்தேன், அவர் மகள் கல்யாணத்துக்கு நான் கேக் செய்ததைச் சொன்னேன். டிரைவர் சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டு வந்தார். மயானத்து வாசலில் நிறுத்தச் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டார். நான் இறங்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

குழி வெட்டுகிறவர் சீட்டை வாங்கி, எழுத்தைப் படிக்காமல், "யாரு?" என்றார்.

"தங்கச்சி."

"எப்பம் எறந்தாவ?"

"எறக்கல. ஆஸ்பத்திரியில இருக்கா."

அப்போதுதான் பொட்டலத்தின் நீளத்தைப் பார்த்தார். "அப்பம் சின்னக் குழி போதும்" என்று சுவர் ஓரமாகப் போனார்.

வெட்டி முடித்ததும், பாதம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கேட்டேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். முழு ஆள் என்றால் தலை தெற்கே. இதற்கு என்ன கணக்கு? அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் வெயிலில் நின்று கொஞ்சநேரம் அதைப் பேசினோம். கடைசியில் வீடு இருக்கிற திசையில் பாதம் இருக்கட்டும் என்று வைத்தேன். அவர் உப்பு கொண்டுவந்து போட்டார்.

"சர்க்கரையா?"

"ஆமா."

"வாயக் கட்ட முடியாதுல்லா அவியளுக்கு" என்றார்.

ஆமாம் என்றேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

கனியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வதனி வேலையை விட்டுவிட்டாள். ஊசி, மாத்திரை, கட்டு எல்லாம் இனி அவள் கை. மருந்து டப்பாக்களை அவளே அடுக்கினாள். மிக்சர், பட்டர் பிஸ்கட், முறுக்கு எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் கொட்டினாள். அல்வா தேடி அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தாள், தலையணை உறையைக்கூட உருவிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

கருப்பட்டி டப்பாவை நான் முந்தின நாளே வெளியே கொண்டுபோய்விட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

கனி பேசுவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். இல்லாத பாதத்தில் அரிக்கிறது என்கிறாள். அரிக்கிற இடத்தில் போர்வையைச் சொறிந்துவிடச் சொன்னாள். விட்டேன்.

நவம்பர் 17, வெள்ளி

கட்டு மாற்றும்போது வதனி வலது குதிகாலில் ஒரு கொப்புளம் பார்த்தாள். மிளகு அளவு. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இனி ஒரு துளி இனிப்பு உள்ள போனாலும் இந்தக் காலுக்கும் நான் பொறுப்பில்ல. என்ன சாப்பிட்டாங்கன்னு இப்பவாவது ஒழுங்காச் சொல்லுங்க" என்றார்.

"அதான் சொன்னேனே, அல்வா" என்றாள் கனி.

நான் சொறிந்துவிட்ட போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 18, சனி

காலையில் வதனி சமையல்கட்டுக்கு வந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

"மாமா, அம்மா ரெண்டு நாளா ஒண்ணும் திங்க மாட்டேங்கா. ஒங்க பிஸ்கட்டையாவது சுட்டுக் குடுங்க. நல்லதுன்னு அவ வாயில போனது அது ஒண்ணுதான்."

ஓவன் கெட்டுப்போயிற்று என்று சொல்லலாமென்று நினைத்தேன். அதற்குள் அவளே சுவிட்சைப் போட்டுவிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

முதன்முதலில் அவள் எழுதிக் கொடுத்தபடியே செய்தேன். ஓட்ஸ், வெள்ளைக்கரு, ஆப்பச்சோடா, எண்ணெய், பட்டைத்தூள். வேறு ஒன்றும் இல்லை.

நாலு மணிக்கு டீயோடு கொண்டுபோனேன். கனி ஒன்றை எடுத்தாள். கடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மென்றாள், ரொம்ப நேரம் மென்றாள். டீயைக் குடித்து அதை உள்ளே தள்ளினாள்.

"மாமா கைப்பக்குவம் மாறவே இல்ல" என்றாள் மகளைப் பார்த்து. இரண்டாவதையும் எடுத்தாள்.

வதனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நானும் ஒண்ணு எடுத்துக்கிடுதேன்" என்று எடுத்து வாயில் போட்டாள். மெல்லுவது நின்றது.

"மாமா, இது வேற."

"தீ கூடிட்டு" என்றேன்.

"தீ இல்ல. முன்ன சுட்டதுல என்ன போட்டிய?"

"ஏட்டி, மாமாவப் போட்டுத் தொணதொணக்காத" என்றாள் கனி. "இன்னைக்குப் பேரீச்சம்பழம் போட்டிருக்க மாட்டான்."

"ரெண்டு பழத்துக்கா அவ்வளவு இனிப்பு?" வதனி என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மாமா?"

என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. பனங்கற்கண்டு ஒரு துணுக்கு, அத்திப்பழம், தேங்காய்ப்பூ, மதுரைப் பக்கம் கிடைக்கிற ஒரு மூலிகை. இரண்டு மூன்று வாய் வரைக்கும் வந்துவிட்டன. கனியின் வலது குதிகாலில் புதுக் கட்டு. வதனி கட்டினது, என் கட்டைவிட நேராக இருந்தது.

"கருப்பட்டி" என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு வட்டு."

"தெனமுமா?"

"தெனமும்."

"டாக்டர் சொன்ன பொறவுமா?"

"ஆமா."

"நான்தான் கேட்டேன்ட்டி" என்றாள் கனி. "என் நாக்குதான் கேட்டுச்சு. அவன் என்ன செய்வான்?"

வதனி அம்மாவைப் பார்த்தாள். "அல்வா?" என்றாள். கனி டீத் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். வதனி கையில் மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்தாள். என் பெட்டி கதவு மூலையில்தான் இருக்கிறது. அதையும் ஒரு தடவை பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். எங்கே போவதென்று நினைக்கவில்லை, எழுந்து நின்றேன்.

பிறகு கனிதான் மெதுவாகச் சொன்னாள்.

"என்னையப் பாத்ரூமுக்குக் கொண்டு போங்க. தாங்கல."

வதனி அசையவில்லை. நானும் அசையவில்லை. கனி தானாகவே கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள் வதனி. மாமா என்று சொல்லவில்லை.

இடது பக்கம் நான், வலது பக்கம் அவள். கனியின் முதுகுக்குப் பின்னால் எங்கள் கைகள் கோத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிடி நிற்காது. கோத்துக்கொண்டோம். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. கட்டிலை விட்டுத் தூக்கியதும் கனி பழக்கத்தில் இடது காலைத்தான் முதலில் தரையில் ஊன்றப் போனாள். உடம்பு அந்தப் பக்கம், என் பக்கம், அப்படியே சாய்ந்தது.

விழவில்லை. பிடித்துக்கொண்டேன்.